முகாம் முடிந்த மறுநாள் என்ன செய்வது? வசதி குறைந்த ஊர்களில் தொற்றா நோய்த் தடுப்பு: கேள்வி பதில்

மருத்துவமனை எட்டாத தூரத்தில் இருக்கும் ஊர்களில் ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, பக்கவாதம் இவற்றைத் தடுப்பது பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். களத்தில் இதே வேலையில் இருக்கும் மருத்துவர் நான். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். "எனக்கு எந்த மாத்திரை?" என்ற கேள்விகளை எடுக்கவில்லை. அதை உங்களை நேரில் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: மேடம், தன்னார்வலர்கள் சேர்ந்து ஒரு பரிசோதனை முகாம் நடத்தினோம். நல்ல கூட்டம். பிரஷர் அதிகம் இருந்தவர்களுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து மருத்துவமனைக்குப் போகச் சொன்னோம். சில மாதம் கழித்து விசாரித்தால் பாதிப் பேர்கூடப் போகவில்லை. மக்களுக்கு அக்கறையே இல்லையா?

அக்கறை இல்லாதவர்கள் வரிசையில் நின்று கையை நீட்டியிருக்க மாட்டார்கள். நீங்கள் கொடுத்த சீட்டு அவர்களிடம் என்னென்ன கேட்கிறது என்று பாருங்கள். ஒரு நாள் கூலியை விட வேண்டும். வண்டி பிடித்துப் போக வேண்டும். போகிற அன்றைக்கு மருத்துவர் இருக்க வேண்டும், மாத்திரை கையிருப்பில் இருக்க வேண்டும். அதுவும் ஒரு தடவை போனால் முடியாது, மாதாமாதம் போக வேண்டும். இத்தனையும் வலியோ காய்ச்சலோ இல்லாத ஒரு நோய்க்காக!

2018-ல் வெளிவந்த ஓர் ஆய்வை இங்கே சொல்ல வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் கறுப்பின ஆண்கள் வழக்கமாக முடிவெட்டிக்கொள்ளும் 52 கடைகளில் நடந்தது. ஒரு பிரிவுக் கடைகளில் முடிதிருத்துபவர், "டாக்டரைப் பாருங்கள், உப்பைக் குறையுங்கள்" என்று அக்கறையோடு சொல்லி அனுப்பினார். இன்னொரு பிரிவில், பயிற்சி பெற்ற மருந்தாளுநர் கடைக்கே வந்து, மருத்துவர்களோடு செய்துகொண்ட ஏற்பாட்டின்படி மருந்து எழுதி, தொடர்ந்து அளந்து பார்த்தார். ஆறு மாதத்தில் அறிவுரை மட்டும் கேட்டவர்களுக்குப் பிரஷரின் மேல் அளவு (140/90 என்றால் அதில் 140) சராசரியாக 9 புள்ளி இறங்கியது. மருந்து தேடி வந்தவர்களுக்கு 27 புள்ளி. இரண்டு பிரிவிலும் ஒரே மாதிரி மனிதர்கள்தான். சிகிச்சை எவ்வளவு பக்கத்தில் கிடைத்தது என்பதில்தான் வித்தியாசம்.

அதனால் அடுத்த முகாமுக்குத் தேதி குறிக்கும் முன்பே சிலவற்றை முடிவு செய்துவிடுங்கள். அதிகம் இருப்பவரை எந்த நாளில், எந்த இடத்தில், யார் மறுபடி அளப்பது? மாத்திரை எங்கிருந்து வரும்? வராதவர் வீட்டுக்கு யார் போவது? இதற்கெல்லாம் பதில் இல்லை என்றால் முகாமைத் தள்ளிப்போடுங்கள். "உங்களுக்கு நோய் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு வழி காட்டாமல் வந்துவிடுவது அவர்களுக்குப் பயத்தை மட்டுமே மிச்சம் வைக்கும். அளவு நிலையாக இருப்பவர்களுக்கு மூன்று மாத மாத்திரையைச் சேர்த்துக் கொடுக்க முடியுமா என்று சுகாதார நிலையத்தில் கேளுங்கள். அலைச்சல் பெருமளவு குறையும்.

கேள்வி: நான் செவிலியர். ஒரே ஆளுக்கு ஒவ்வொரு தடவையும் வேறு வேறு அளவு வருகிறது. கருவி கோளாறா?

இருக்கலாம், ஆனால் முதலில் அளக்கிற விதத்தைக் கவனியுங்கள். நடந்து வந்தவரை உடனே உட்காரவைத்து, சட்டைக் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றி, பேச்சுக் கொடுத்துக்கொண்டே அளப்பதைத்தான் நான் பல இடங்களில் பார்க்கிறேன். இதில் ஒவ்வொன்றுமே அளவை மாற்றும்.

ஐந்து நிமிடம் சும்மா உட்காரட்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் இரண்டும் தரையில் படிய வேண்டும், கால் மேல் கால் கூடாது. கையை மேசையில், இதய மட்டத்துக்கு வையுங்கள். பருத்த கைக்குச் சிறிய பட்டையைக் கட்டினால் இல்லாத பிரஷரைக் காட்டும். சிறுநீர் முட்டிக்கொண்டு இருந்தாலும், சற்று முன் புகைபிடித்திருந்தாலும் அளவு ஏறும். பேச்சு வேண்டாம், நீங்களும் பேசாதீர்கள். ஒரு நிமிட இடைவெளியில் இன்னொரு தடவை அளந்து இரண்டையும் எழுதுங்கள். 140/90-க்கு மேல் வந்தால் வேறொரு நாளிலும் பார்த்துவிட்டுத்தான் நோய் என்று முடிவு செய்வது முறை. 180/110 போல மிக அதிகமாக இருந்தால் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் அனுப்புங்கள்.

கேள்வி: அப்பா "இப்போது நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டார். எப்படிப் புரியவைப்பது?

சண்டை போடாதீர்கள். முதலில் ஏன் நிறுத்தினார் என்று கேளுங்கள். தலைசுற்றலா, கால் வீக்கமா, செலவா, "பழகிவிட்டால் விடமுடியாது" என்ற பயமா? பக்கவிளைவு என்றால் மருந்தை மாற்ற வழி இருக்கிறது. செலவு என்றால் விலை குறைந்த, பிராண்ட் பெயர் இல்லாத அதே மருந்து கிடைக்கும். காரணம் தெரியாமல் உபதேசம் செய்தால், சாப்பிட்டேன் என்று பொய் சொல்லத் தொடங்குவார். நன்றாக இருப்பதே மாத்திரையால்தான் என்பதை அவரே பார்க்கட்டும்: சில நாள் காலையிலும் மாலையிலும் அளந்து ஒரு தாளில் எழுதவையுங்கள். பிறகு அந்தத் தாளோடு மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: உப்பைக் குறைக்கச் சொல்கிறீர்கள். மாற்று உப்பு என்று விற்கிறார்களே, நல்லதா?

பெரும்பாலோருக்கு நல்லது. சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரிடம் நடந்த ஆய்வு 2021-ல் வந்தது. சாதாரண (சோடியம்) உப்பில் கால் பங்கைப் பொட்டாசியம் உப்பாக மாற்றியதில் பக்கவாதம் 14% குறைந்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், பொட்டாசியத்தை உடலில் தங்கவைக்கும் மருந்து சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. எந்த உப்பானாலும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும்.

கேள்வி: "நடங்கள், காய்கறி சாப்பிடுங்கள்" என்கிறீர்கள். விடியும் முன் வேலைக்குப் போய் இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர்களிடம் இதைச் சொல்ல மனசு வருமா?

கோபம் நியாயமானது. உடல் உழைப்பில் இருப்பவரிடம் போய் நடைப்பயிற்சி பற்றிப் பேசுவது அவரை மதிக்காத செயல். வாங்க முடியாதவரிடம் பழத்தின் பெருமையைப் பேசுவதும் அப்படித்தான். இங்கே தனிமனிதரை மட்டும் பிடித்து உலுக்கிப் பயனில்லை, சுற்றியிருப்பதும் மாற வேண்டும்.

பின்லாந்தின் வட கரேலியா இதற்குப் பெரிய சான்று. இதய நோயில் ஆண்கள் இளம் வயதிலேயே செத்துக்கொண்டிருந்த, ஏழ்மையான பகுதி. ஊர்க்காரர்களே அரசிடம் மனு கொடுத்து, 1972-ல் திட்டம் தொடங்கியது. அது மருத்துவர்களோடு மட்டும் நின்றுவிடவில்லை. பெண்கள் அமைப்புகள் சமையல் முறையை மாற்றிக் காட்டின. உணவு தயாரிப்பவர்கள் கொழுப்பையும் உப்பையும் குறைத்தார்கள். புகைக்கு எதிரான சட்டமும் வந்தது. சுமார் 35 ஆண்டுகளில் நடுவயது ஆண்களின் இதய நோய் மரணம் 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. பள்ளியிலும் வேலையிடத்திலும் போடும் சாப்பாட்டில் உப்பும் எண்ணெயும் எவ்வளவு என்று கேட்பது, பள்ளி வாசலில் புகையிலை விற்பதைத் தடுக்கச் சொல்வது, இதெல்லாம் உங்கள் ஊரிலும் கேட்கக்கூடியவைதான்.

கேள்வி: கையில் பணமே இல்லை. எதில் தொடங்குவது?

ஒரு நோட்டுப் புத்தகத்தில். வேல்ஸ் நாட்டின் கிளின்கோரக் என்ற சுரங்கத் தொழிலாளர் கிராமத்தில் ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற மருத்துவர், வருகிறவர்களை மட்டும் பார்க்காமல், ஊரில் உள்ள பெரியவர்கள் எல்லோருக்கும் பிரஷர் பார்த்துக் குறித்துவைத்தார். மருத்துவம் அதிகம் தேவைப்படுகிற இடத்தில்தான் அது குறைவாகக் கிடைக்கிறது என்று 1971-ல் எழுதியவரும் அவர்தான்.

உங்கள் நோட்டில் வீட்டு வாரியாகப் பெயர், வயது, அளந்த தேதி, அளவு, அடுத்து வரவேண்டிய தேதி. கடைசிக் கட்டம்தான் முக்கியம். வாரம் ஒருநாள் அந்தக் கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழே பாருங்கள். தேதி தாண்டியவர்கள்தான் அந்த வாரத்து வேலை. எழுதிய நோட்டு ஊர்ப் பேச்சுக்கு ஆளாகாமல் பூட்டிய இடத்தில் இருக்கட்டும்.

கேள்வி: வீடு வீடாகப் போவது நாங்கள்தான். சம்பளம் இல்லை, "சேவை" என்கிறார்கள். எத்தனை நாள் முடியும்?

முடியாது, முடிய வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் தவறு. வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கைக் கிராமங்களில் நடந்து 2020-ல் வெளியான ஆய்வில், சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்குப் போய் அளந்து, பேசி, தேவையானவரை மருத்துவரிடம் சேர்த்த ஊர்களில் மற்ற ஊர்களைவிட மேல் அளவு சராசரியாக 5 புள்ளி கூடுதலாக இறங்கியது. இவ்வளவு பலன் தரும் வேலைக்குக் கூலி உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2018-ல் தந்த வழிகாட்டுதலும் வேலைக்குத் தக்க ஊதியம் தரச் சொல்கிறது, முழுக்க ஊக்கத்தொகையை மட்டும் நம்பவைக்க வேண்டாம் என்கிறது. தனியாகக் கேட்காமல் எல்லோரும் சேர்ந்து கேளுங்கள். எத்தனை வீடு போனீர்கள், எத்தனை பேரைத் திரும்ப அழைத்து வந்தீர்கள் என்ற கணக்கை அந்த நோட்டிலிருந்து எடுத்து மனுவோடு வையுங்கள்.