ஏற்காட்டில் வேலியோரம் ஆளுயரப் பூச்செடிகள்: எதை வைத்தால் அடிக்கடி கவனிக்க வேண்டியதில்லை?

கேள்வி இதுதான்: ஏற்காட்டில் சின்ன வீடு, வேலியோரம் 30 அடி நீளத்துக்கு வெறும் மண். இங்கிலாந்துக் கிராமத்து வீட்டுத் தோட்டப் படங்களில் வருகிற மாதிரி உயரமான பூச்செடிகள் வேண்டும். வருடா வருடம் புதிதாக நடக்கூடாது, பராமரிப்பும் அதிகம் இருக்கக்கூடாது.

நான் சேலத்தில் இருப்பவன். நாகலூர் போகும் வழியில் தாத்தா விட்டுப்போன வீடு ஒன்று இருக்கிறது. மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை மேலே போனால் பெரிய விஷயம். அந்த இரண்டு நாள் கவனிப்பில் உயிரோடு இருப்பதுதான் என் தோட்டம்.

முதலில் என் தண்டச் செலவைச் சொல்லிவிடுகிறேன். அதே மாதிரிப் படங்களைப் பார்த்துத்தான் டெல்ஃபினியம், லூப்பின், ஃபாக்ஸ்கிளவ் விதைகளை வரவழைத்தேன். ஒரே ஒரு டெல்ஃபினியம் ஜனவரியில் நீலமாக ஒரு கதிர் விட்டது. ஐம்பது போட்டோ எடுத்திருப்பேன். ஜூன் மழையில் அதுவும் அடியோடு அழுகிப்போனது. பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அந்தப்புறம் நின்றுகொண்டு, "ஏங் கண்ணு, இந்தக் குச்சிக்குத் தண்ணி ஊத்தத்தான் சேலத்துல இருந்து பஸ் ஏறி வர்றியா?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை.

ஏற்காடு குளிர்ச்சியான இடம்தான், ஆனால் குளிர்நாடு இல்லை. சுமார் 1500 மீட்டர் உயரம். சேலம் 280 மீட்டர்தான் என்பதால், இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டியதும் ஏழெட்டு டிகிரி குறைகிறது. ஆனால் டெல்ஃபினியம் போன்றவை குளிர்காலம் முழுக்க மண்ணுக்குள் உறங்கி எழுந்து பழகியவை. இங்கே அந்த உறக்கம் கிடைப்பதில்லை. பகல் நீளத்திலும் வித்தியாசம் உண்டு: லண்டனில் ஜூன் மாதம் பதினாறரை மணி நேரம் பகல், நம் மிக நீண்ட பகலோ பதின்மூன்று மணி நேரத்தைத் தொடுவதில்லை. அதனால் அந்தப் படத்தில் இருக்கும் செடிகளை விட்டுவிடுங்கள். உயரமாக, நெருக்கமாக, கொஞ்சம் கட்டுக்கடங்காமல் இருக்கும் அந்தத் தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் எதை வைப்பது? நான் ஒரு காரியம் செய்தேன். ஆள் இல்லாமல் பூட்டிக் கிடக்கும் பழைய எஸ்டேட் பங்களாக்களின் கேட் ஓரம் நின்று, யாரும் தண்ணீர் ஊற்றாமலேயே என்ன பூத்திருக்கிறது என்று பார்த்தேன். கல்வாழை, அகபாந்தஸ், ஹைட்ராஞ்சியா, ஊதா சால்வியா. முக்கால்வாசிப் பட்டியல் அங்கேயே கிடைத்துவிட்டது.

முதல் இடம் கல்வாழைக்கு. பஸ் ஸ்டாண்டு பூங்காவில் பார்த்துப் பார்த்து நமக்கு அதன் மேல் மரியாதை போய்விட்டது, அது கல்வாழையின் தப்பு இல்லை. சாதாரண ரகமே ஐந்தாறு அடி போகும். மண்ணுக்குள் இஞ்சி மாதிரி கிழங்கு இருப்பதால் ஜனவரியிலிருந்து மார்ச் வரை வறண்டாலும் தாங்கிவிடும். இலை காய்ந்து அலங்கோலமாக நிற்கும், அவ்வளவுதான். ஒரே தொந்தரவு இலைச்சுருட்டிப் புழு. இலை சுருட்டு மாதிரி சுருண்டிருந்தால் பிரித்துப் பாருங்கள். நூல் நூலாக ஒட்டியிருப்பது பிரியும்போது லேசாகச் சத்தம் கேட்கும். உள்ளே கண்ணாடி போன்ற பச்சையில் ஒரு புழு, தின்ற இலை வயிற்றுக்குள் இருப்பதே தெரியும். மருந்தெல்லாம் வேண்டாம், அந்த இலையை வெட்டி எறிந்தால் போதும். பூத்து முடிந்த தண்டை அடியோடு வெட்டினால் பக்கத்திலேயே அடுத்தது வந்துவிடும்.

கிழங்கின் அருமை எனக்குப் புரிந்தது ஒரு காட்டெருமையால். ஏற்காட்டில் அவை வீட்டுப் பக்கம் வருவது புதிதில்லை. ஒருநாள் ராத்திரி ஒன்று வேலியைச் சாய்த்துக்கொண்டு என் பாத்தி வழியாகவே நடந்து போயிருக்கிறது. காலையில் போய்ப் பார்த்தால் குளம்புத் தடத்தில் தண்ணீர் தேங்கி நிற்கிறது, அதற்குள் சால்வியாக் கிளைகள். ஆசையாக வளர்த்த ரோஜா இரண்டும் போயின. கல்வாழையும் அகபாந்தஸும் ஒன்றரை மாதத்தில் ஒன்றும் நடக்காததுபோல நின்றன. அன்றிலிருந்து ஒரு செடி வாங்கும்போது நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: தரைக்கு மேல் எல்லாம் போனாலும் இது திரும்ப வருமா?

அகபாந்தஸ் தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்தது. பட்டையான இலைக்கொத்து, அதற்கு மேல் மூன்றடித் தண்டில் நீலப் பூக்குடை. டெல்ஃபினியம் தராத நீலத்தை எனக்கு இதுதான் தந்தது. வைத்த முதல் வருடம் பூக்காது, கோபித்துக்கொண்டு பிடுங்கி இடம் மாற்றாதீர்கள். வேர் கொஞ்சம் நெருக்கமாக இருந்தாலும் நன்றாகவே பூக்கும்.

ஊதா சால்வியா மெக்சிகோ மலைச் செடி, நாலடி வரும். பூக்கதிரைத் தொட்டால் வெல்வெட் துணி மாதிரி இருக்கும். பகல் குறையத் தொடங்கும்போது பூக்கும். வருடத்துக்கு ஒருமுறை தரையிலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டிவிடுங்கள். வெட்டாவிட்டால் நடுவில் வழுக்கை விழுந்து நாலாபக்கமும் சாயும்.

நம்மூர் டிசம்பர் பூவை யாரும் இந்த வரிசையில் யோசிப்பதில்லை. மூன்று நாலடி புதராக வரும், குச்சியை ஒடித்து ஈர மண்ணில் குத்தினாலே பிடித்துக்கொள்ளும். மற்றவை ஓய்ந்திருக்கும் நேரத்தில் பூத்துத் தள்ளும். வாசனை இல்லைதான், ஆனாலும் அம்மா அதைத் தொடுத்துத் தலையில் வைக்காத மார்கழி கிடையாது.

ஹைட்ராஞ்சியாவைக் கிழங்குச் செடிகளோடு சேர்க்க முடியாது, அது புதர். ஆனால் இந்த மண்ணில் அதன் நீலத்தைப் பார்த்துவிட்டு விட மனசு வராது. அமில மண்ணில் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைத்தால்தான் அந்த நீலம் வரும். ஏற்காடு இருக்கும் இந்தச் சேர்வராயன் மலையில் அலுமினியத்துக்கா பஞ்சம்? அலுமினியத் தாதுவான பாக்சைட்டை வெட்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்குக் கொண்டுபோன மலையாயிற்றே. இதே செடியில் ஒரு குச்சியைச் சேலத்து வீட்டுத் தொட்டியில் வைத்தேன். உப்புப் போர்த் தண்ணீர்தான் ஊற்றினேன். ஒரே ஒரு முறை வெளிறிய ரோஸ் நிறத்தில் பூத்தது, அடுத்த மே மாத வெயிலில் கருகிவிட்டது. ஏற்காட்டிலும் கோடையில் இதற்குத் தண்ணீர் வேண்டும், அதனால் குழாய்க்கு அருகில் ஒன்றே ஒன்று போதும். டேலியாவும் எனக்குப் பிடிக்கும், ஆனால் முட்டுக் கொடுக்காவிட்டால் முதல் காற்றிலேயே படுத்துவிடும். நீங்கள் கேட்ட கணக்கில் வராது.

ஒரு எச்சரிக்கை. பராமரிப்பே வேண்டாம் என்று யாராவது ஒரு செடியைக் கொடுத்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். மலை முழுக்க மண்டிக் கிடக்கும் உண்ணிச்செடியும் ஒருகாலத்தில் அழகுக்காகக் கொண்டுவந்த தோட்டச்செடிதான். சூரியகாந்தி போல மஞ்சளாகப் பூக்கும் மெக்சிகோ டித்தோனியாவையும் வேலிக்குள் விடாதீர்கள். வெள்ளையாக மணக்கும் ஜிஞ்சர் லில்லி அருமையான செடி, ஆள் உயரம் வரும், ஆனால் ஓடை பக்கத்தில் இருந்தால் வைக்க வேண்டாம். கிழங்கு உடைந்து தண்ணீரோடு போய் இறங்கிய இடமெல்லாம் முளைக்கும்.

30 அடிக்கு வேலி ஓரமாக இரண்டடி இடைவெளியில் கல்வாழை, அதற்கு முன்னால் சால்வியாவும் டிசம்பர் பூவும் கலந்து, பாதை ஓரம் அகபாந்தஸ் வையுங்கள். ஒவ்வொன்றிலும் ஐந்தாறாகச் சேர்த்து வைக்க வேண்டும், ஒன்று ஒன்றாக வைத்தால் நர்சரிக் கடை மாதிரி இருக்கும். ஜூனில் மழை பிடித்ததும் நடுங்கள். மழை நின்றதும் சில்வர் ஓக் சருகை நாலு விரல் கனத்துக்குப் பரப்பிவிட்டால் கோடை வரை ஈரம் நிற்கும். காப்பித் தொலி கிடைத்தால் மக்க வைத்துப் போடுங்கள், பச்சையாகப் போட்டால் சூடு கிளம்பும். பிறகு வருடத்துக்கு ஒருநாள் அரிவாள் வேலை, கோடை மழைக்கு முன்னால்.

நர்சரியில் பெரிதாகச் செலவு செய்ய வேண்டாம். மழைக்காலத்தில் பழைய வீட்டுக்காரர் யாரிடமாவது போய் ஒரு கிழங்கு கேளுங்கள். கல்வாழை வைத்திருப்பவருக்கு அதைக் குறைப்பதுதான் கவலையே. எனக்கு முதல் கிழங்கை ஈரச்சாக்கில் சுற்றிக் கொடுத்தது, குச்சிக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று சிரித்த அதே அக்காதான்.