அம்மா அப்பாவோடு வயோமிங்: எந்த வழியாகப் போவது, எங்கே தங்குவது?

கேள்வி: டென்வரில் இருக்கிறோம். ஜூன் கடைசியில் 5 நாள் லீவு. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா (66), அப்பா (71) இருவரையும் காரில் கூட்டிக்கொண்டு வயோமிங் மாநிலத்தில் செயென் நகரம், டெவில்ஸ் டவர் பாறை, எல்லோஸ்டோன், கிராண்ட் டீட்டன் தேசியப் பூங்காக்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வர ஆசை. முடியுமா?

பதில்: முடியும். ஆனால் ஊருக்குத் திரும்பிய பிறகு உங்கள் அப்பாவுக்கு கார் சீட் மட்டும்தான் ஞாபகம் இருக்கும். முதல் வேலையாக டெவில்ஸ் டவரைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அடியிலிருந்து 867 அடி உயரம் எழும்பி நிற்கும் அந்தப் பாறை அவசியம் பார்க்க வேண்டியதுதான், 1906-ல் நாட்டின் முதல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டதும் அதுதான், ஆனால் அது இருப்பது மாநிலத்தின் வடகிழக்கு மூலை, எல்லோஸ்டோன் வடமேற்கு மூலை, நடுவில் பிக்ஹார்ன் மலைத்தொடர். செயென் உங்கள் வீட்டிலிருந்து 100 மைல்தான், எந்த ஞாயிற்றுக்கிழமையும் போய் வரலாம்.

இன்னொன்று, லீவை 6 நாளாக்கப் பாருங்கள். வயோமிங்கின் பரப்பு சுமார் 98,000 சதுர மைல். 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 5,76,851, அமெரிக்க மாநிலங்களிலேயே குறைவு. வண்டி ஓட்டுகிறவருக்கு இது என்ன சொல்கிறது என்றால், வரைபடத்தில் ஒரு பெயர் இருக்கிறது என்பதற்காக அங்கே கேஸ் ஸ்டேஷன் இருக்கும் என்று நம்பக்கூடாது. டாங்க் பாதியானாலே நிரப்பிவிடுங்கள். நீண்ட தூரத்துக்கு போன் சிக்னல் இருக்காது, அதனால் மேப்பை வீட்டிலேயே டவுன்லோட் செய்துகொள்ளுங்கள்.

முதல் நாள் ஐ-25 நெடுஞ்சாலையைப் பிடித்து காஸ்பர், அங்கிருந்து ஷோஷோனி வழியாக தெர்மோபோலிஸ். சுமார் 400 மைல், ஆறரை மணி நேரத்துக்குக் குறையாது. கடைசி அரை மணி நேரம் விண்ட் ரிவர் பள்ளத்தாக்கு, அதற்காகவே இந்த வழியைச் சொல்கிறேன். எந்தப் பாறை எந்தக் காலத்தது என்று சாலையோரம் பலகை வைத்திருக்கிறார்கள், வடக்கே போகப் போக பாறையின் வயது குறைந்துகொண்டே வரும். பள்ளத்தாக்கு முடியும் இடத்தில் விண்ட் ரிவர் என்ற ஆறு பிக்ஹார்ன் ரிவர் ஆகிவிடுகிறது. வேறு ஆறு எதுவும் வந்து சேரவில்லை, ஒரே ஆறுதான். மேலே பார்த்தவர்கள் ஒரு பெயர், கீழே பார்த்தவர்கள் ஒரு பெயர் வைத்துவிட்டார்கள், இரண்டும் நிலைத்துவிட்டன. ராத்திரி தெர்மோபோலிஸில் தங்குங்கள். அங்கே ஸ்டேட் பார்க் குளியல் இல்லத்தில் வெந்நீர் ஊற்றுக் குளியல் இலவசம். 20 நிமிடம்தான் விடுவார்கள், கால் வலிக்கு அது போதும். அப்பாவுக்கு பிரஷர், இதயப் பிரச்சினை இருந்தால் டாக்டரைக் கேட்காமல் இறக்க வேண்டாம்.

இரண்டாம் நாள் கோடி ஊர் வழியாக எல்லோஸ்டோனின் கிழக்கு வாசல். உள்ளே லேக் அல்லது கேன்யன் பகுதியில் இரண்டு இரவு. பார்க்குக்குள் வேகம் பெரும்பாலும் 45 மைலுக்கு மேல் கிடையாது, நடுவில் காட்டெருமை சாலையை மறித்தால் அதுவும் இல்லை, அதனால் வெளியே தங்கி தினமும் வந்துபோகும் திட்டம் பெரியவர்களோடு சரிப்படாது. உயரம் 7,000 அடியிலிருந்து 8,000-க்கு மேல். டென்வரில் ஒரு வாரமாவது இருந்துவிட்டு வந்தால் மூச்சு கொஞ்சம் பழகியிருக்கும், ஆனாலும் முதல் நாள் மெதுவாக நடக்கட்டும். ஜூனிலும் இரவு உறைநிலையைத் தொடலாம். ஸ்வெட்டர் போதாது, குல்லாயும் வேண்டும்.

கிராண்ட் பிரிஸ்மாட்டிக் என்ற பல நிற வெந்நீர் ஊற்றுக்கு அதிகாலையில் போனால் ஆவிதான் தெரியும், 11 மணிக்கு மேல் போங்கள், நிறம் தெளிவாகத் தெரியும். ஓல்ட் ஃபெய்த்ஃபுல் என்ற வெந்நீர் ஊற்று சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பீறிடும். அடுத்தது எப்போது என்று எழுதிப் போட்டிருப்பார்கள், உட்கார பெஞ்சும் உண்டு. மரப்பாதையை விட்டு ஒரு அடிகூட இறங்க வேண்டாம், இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். தரை மாதிரி தெரிவது மெல்லிய ஓடு, அடியில் கொதிநீர். இதுவரை 20-க்கும் மேற்பட்டவர்கள் வெந்து இறந்திருக்கிறார்கள். காட்டெருமையிடமிருந்து 25 கஜம், கரடி, ஓநாயிடமிருந்து 100 கஜம் தள்ளி நிற்பது விதி. புளியோதரையும் தயிர்சாதமும் தாராளமாகக் கொண்டுபோங்கள், பிக்னிக் மேசைகள் நிறைய உண்டு, ஆனால் சாப்பிட்டதும் எல்லாவற்றையும் காருக்குள் வைத்துப் பூட்டிவிடுங்கள், வாசனைக்கே கரடி வரும்.

நான்காம் நாள் ஓல்ட் ஃபெய்த்ஃபுலிலிருந்து தெற்கே இறங்கும்போது கிரெய்க் கணவாயில் ஐசா ஏரியில் நிறுத்துங்கள். அல்லி பூக்கும் சின்னக் குட்டைதான். ஆனால் அதன் தண்ணீர் ஒருபக்கம் பசிபிக் கடலுக்கும் மறுபக்கம் மெக்சிகோ வளைகுடாவுக்கும் போகிறது, அதுவும் கிழக்கே வழிவது பசிபிக்குக்கு, மேற்கே வழிவது வளைகுடாவுக்கு! அன்று இரவு ஜாக்சன். ஐந்தாம் நாள் காலை ஜென்னி ஏரிக்கரையிலிருந்து டீட்டன் மலைகளைப் பார்த்துவிட்டு, மதியம் டுபோய் வழியாக லேண்டர் போய்த் தங்குங்கள். ஆறாம் நாள் ராலின்ஸ், லாரமி வழியாக வீடு, சுமார் ஆறு மணி நேரம். ராலின்ஸ், லாரமி நடுவே ஐ-80-ல் காற்று வண்டியைத் தள்ளும், ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். இருட்டிய பிறகு எங்கேயும் ஓட்ட வேண்டாம், மான்கள் குறுக்கே பாயும்.

பார்க்குக்குள் இருக்கும் அறைகள் பல மாதம் முன்பே தீர்ந்துவிடும். இப்போது கிடைக்காவிட்டால் தினமும் காலையில் ஒருமுறை பாருங்கள், ரத்தாகும் அறைகள் வந்துகொண்டே இருக்கும்.