ஏதேனில் இருந்தது ஆப்பிள் மரமா?

கேள்வி: ஆதாமும் ஏவாளும் தின்றது ஆப்பிள்தானே? யூதர்களும் அப்படித்தான் சொல்கிறார்களா?

பதில்: ஆதியாகமத்தில் ஆப்பிள் என்ற பேச்சே கிடையாது. 'நன்மை தீமை அறியத்தக்க விருட்சத்தின் கனி', அவ்வளவுதான். ஐரோப்பிய ஓவியர்கள் வரைந்து வரைந்து நம் தலையில் ஏற்றிவிட்ட பழம் அது. யூத ரபிகளுக்குள், அதாவது சமய ஆசான்களுக்குள், இதில் பெரிய வழக்கே நடந்திருக்கிறது. அவர்களுடைய விவாதங்களின் தொகுப்பான தல்மூத் மூன்று தரப்பையும் பதிந்து வைத்திருக்கிறது. ரபி மேயிர் திராட்சை என்கிறார். மனிதனை ஒப்பாரி வைக்கச் செய்வதில் மதுவை மிஞ்ச எது இருக்கிறது? ரபி யெகூதாவுக்குக் கோதுமை. தானிய ருசி தெரியும்வரை குழந்தைக்கு அப்பா, அம்மா என்று கூப்பிடத் தெரியாது, ஆகவே அறிவு தந்தது அதுதான் என்கிறார். (கோதுமை எப்போது மரமாயிற்று என்று மடக்க வேண்டாம். அன்று அது லெபனோன் கேதுரு மரம் போல ஓங்கி வளர்ந்ததாம்!) ரபி நெகேமியா சொல்வது அத்தி. எதனால் கெட்டார்களோ அதனாலேயே மானம் காத்துக்கொண்டார்கள். அத்தி இலையைத்தானே தைத்து உடுத்தினார்கள்? என் ஓட்டு நெகேமியாவுக்கு. அவர் ஒருவர்தான் தடயத்தோடு பேசுகிறார்.

கேள்வி: இஸ்ரேலில் விவிலியச் செடிகளுக்கென்றே ஒரு தோட்டம் இருக்கிறதாமே?

பதில்: நெயோத் கெதுமிம். எருசலேமுக்கும் டெல் அவீவுக்கும் நடுவே, மோதியீன் நகருக்குப் பக்கத்தில், சுமார் 625 ஏக்கர். நோகா ஹரெவேனி என்பவர் 1960களில் தொடங்கியது. மண் அரித்துப்போய்ப் பாறை தெரிந்த குன்றுகளில் வெளியிலிருந்து மண் கொண்டுவந்து கொட்டி மரம் வைத்தார்கள். 1994இல் இஸ்ரேல் பரிசு கிடைத்தது.

பூப்பாத்தியும் புல்தரையும் தேடிப் போனால் ஏமாந்துபோவீர்கள். அங்கே செடிக்கு மதிப்பே அதற்குரிய வசனத்தால்தான். ஈசோப்பையே பாருங்கள். இடைக்கால யூத அறிஞர்களான ரபி சாதியாவும் மைமோனிதேசும் அடையாளம் காட்டிய செடி, ஓரிகானோவின் உறவு. சாம்பல் பூத்த சின்ன இலை, கசக்கினால் காரமான வாசனை. இஸ்ரவேலர் எகிப்திலிருந்து புறப்பட்ட இரவில் நிலைக்கால்களில் ஆட்டு இரத்தம் தெளித்தது இதன் கொத்தால்தான். தொழுநோய் நீங்கியவனுக்கான சுத்திகரிப்பில் கேதுருக் கட்டையோடு இதையும் சேர்க்கச் சொல்கிறது தோரா (மோசேயின் ஐந்து நூல்கள்). ஏன் இந்த ஜோடி? கேதுருவாக நிமிர்ந்து அகந்தை கொண்டவன் ஈசோப்பாகத் தாழட்டும் என்று விளக்குகிறார் இடைக்கால விவிலிய உரையாசிரியர் ராஷி. அந்த நோய்க்கே காரணம் செருக்கு என்பது ரபிகள் கணக்கு.

கேள்வி: யூதர்கள் மரம் நட்டால் மூன்று வருடம் பழம் தின்னக் கூடாதாமே, நிஜமா?

பதில்: நிஜம். லேவியராகமம் 19ஆம் அதிகாரம். நான்காம் வருடப் பழம் கர்த்தரைத் துதிப்பதற்குரியது, ஐந்தாம் வருடம்தான் தாராளமாகத் தின்னலாம். ஏழு வருடத்துக்கு ஒருமுறை நிலத்தைத் தரிசாக விடும் சட்டம் இஸ்ரேல் மண்ணுக்கு மட்டும். அந்தத் தரிசு வருடம் கடைசியாக 2021-22இல் வந்தது. ஆனால் இந்த மூன்று வருடத் தடை யூதன் எந்த நாட்டில் மரம் வைத்தாலும் உண்டு.