இன்டர்கூலர் இல்லாத நிஞ்சா எச்2 சாலை, டிராக் இரண்டையும் தாங்குமா?

கேள்வி: கவாஸாக்கி நிஞ்சா எச்2-வை அன்றாடம் சாலையிலும் அவ்வப்போது டிராக்கிலும் ஓட்டலாமா? இன்டர்கூலர் இல்லாத சூப்பர்சார்ஜர் சூட்டில் சீக்கிரம் கெட்டுவிடாதா? தனிப் பராமரிப்பு தேவையா?

தாராளமாக ஓட்டலாம். எச்2 பைக்கின் சூப்பர்சார்ஜர் என்பது எஞ்சின் சுழற்சியால் ஓடி, எஞ்சினுக்குள் காற்றை அமுக்கி அனுப்பும் கருவி. அமுக்கியதால் சூடான அந்தக் காற்றைக் குளிர்விப்பது இன்டர்கூலர். சூப்பர்சார்ஜரின் ஆயுளைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். ஆனால் அதற்குள் போகும் காற்று, ஊற்றும் பெட்ரோல், ஆயில் இந்த மூன்றும் சரியாக இருந்தால் அதன் பக்கமே போக வேண்டியதில்லை.

முதலில் சூட்டுக் கணக்கு. எச்2-வின் சூப்பர்சார்ஜருக்குள் சுழலும் இறக்கைச் சக்கரமான இம்பெல்லர் 69 மில்லிமீட்டர் விட்டம்தான், உள்ளங்கையில் அடங்கிவிடும். ஒரே அலுமினியக் கட்டியிலிருந்து கடைந்தெடுத்தது. கிராங்க் (எஞ்சினின் முக்கியச் சுழல்தண்டு) ஒரு சுற்று சுற்றினால் இது 9.2 சுற்று சுற்றும். டிராக்குக்கு மட்டுமான எச்2ஆர் 14,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) தொடும்போது இம்பெல்லர் ஏறத்தாழ 1,30,000 ஆர்பிஎம்மில் இருக்கும். அப்போது இறக்கை நுனியின் வேகம் ஒலியைத் தாண்டிவிடும். கவாஸாக்கி சொல்லும் உச்ச அழுத்தம் வளிமண்டலத்தைப் போல 2.4 மடங்கு. 35 டிகிரியில் உள்ளே வரும் காற்றை அந்த அளவுக்கு அமுக்கினால், இழப்பே இல்லாத கணக்கில்கூட 120 டிகிரியைத் தாண்டும். நிஜத்தில் இன்னும் அதிகம்.

இன்டர்கூலர் வைத்தால் எடையும் கூடும், இடமும் போகும். அதனால் சூட்டை வேறு வழிகளில் சமாளித்திருக்கிறார்கள். கவாஸாக்கியின் கேஸ் டர்பைன் பிரிவு கைவைத்த வடிவமைப்பு என்பதால் இம்பெல்லர் காற்றைத் தேவையில்லாமல் சூடாக்குவதில்லை. அமுக்கிய காற்று தங்கும் 6 லிட்டர் பெட்டி பிளாஸ்டிக் அல்ல, அலுமினியம். சூட்டை வெளியே கடத்தும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது, காற்று இறங்கும் புனல்களின் வாயில் இருக்கும் ஸ்டெயின்லெஸ் வலை. மேல் இன்ஜெக்டர்கள் பெட்ரோலை நேராக அந்த வலைமேல் பீய்ச்சுகின்றன. பெட்ரோல் பொடிந்து ஆவியாகும்போது காற்றின் சூட்டை இழுத்துக்கொள்கிறது. இவ்வளவுக்கும் மேல், கம்ப்ரஷன் விகிதம் (சிலிண்டருக்குள் பிஸ்டன் அமுக்கும் மடங்கு) வெறும் 8.5. சூப்பர்சார்ஜர் இல்லாத லிட்டர் கிளாஸ் ஸ்போர்ட் பைக்குகளில் இது 13 வாக்கில் இருக்கும்.

எக்ஸாஸ்ட் புகையால் சுழலும் டர்போ ஏன் வைக்கவில்லை என்றும் கேட்பார்கள். 1980களில் ஜப்பானின் நான்கு பெரிய கம்பெனிகளும் டர்போ பைக் விட்டுப் பார்த்தன. கவாஸாக்கியின் ஜிபிஇசட்750 டர்போவும் அதில் ஒன்று. எதுவும் நிலைக்கவில்லை. வளைவில் சாய்ந்திருக்கும்போது த்ராட்டில் கொடுத்து அரை நொடி கழித்துப் பவர் வந்தால் பின் டயர் என்னாகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். இங்கே இம்பெல்லர் கிராங்கோடு கியரில் பூட்டியிருப்பதால் அந்தத் தாமதம் இல்லை.

ஆனால் வேறொரு சிக்கல் உண்டு. இந்த வகை சூப்பர்சார்ஜரில் ஆர்பிஎம் இரண்டு மடங்கானால் அழுத்தம் ஏறுவது ஏறக்குறைய நான்கு மடங்கு. 4,000-ல் சாதுவாக இருக்கும் வண்டி 8,000 தாண்டியதும் ஆளே மாறிவிடும். டிராக்கில் வளைவை விட்டு வெளியேறும்போது வழக்கத்தைவிட ஒரு கியர் மேலே வைத்துப் பழகுங்கள். ட்ராக்‌ஷன் கன்ட்ரோலை (பின் டயர் வழுக்காமல் தடுக்கும் அமைப்பு) அணைத்துக் காட்டும் வீரம் இந்த வண்டியில் வேண்டாம்.

பராமரிப்பில் காற்று வடிகட்டிதான் முதலிடம். ஃபில்டரைக் கழற்றி எறிந்தால் சத்தம் நன்றாக வரும் என்று செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வேகத்தில் சுழலும் இறக்கையில் ஒரு மணல் துகள் பட்டாலே விளிம்பு சிதையும். குழாயைக் கழற்றி வேலை பார்த்தால் வாயை உடனே டேப் போட்டு மூடுங்கள், உள்ளே ஒரு வாஷர் விழுந்தாலும் கதை முடிந்தது. மாட்டிய பிறகு கிளாம்ப்புகளையும் காற்றுப் பெட்டியின் சீலையும் பாருங்கள். அங்கே கசிந்தால் மேல் ஆர்பிஎம்மில் மட்டும் பவர் குறையும், விசில் கேட்கும். த்ராட்டிலை விடும்போது வரும் குருவிச் சத்தம் வேறு. அதிகப்படிக் காற்று வெளியேறும் சத்தம் அது, அதற்காக மெக்கானிக்கிடம் ஓட வேண்டாம்.

சூப்பர்சார்ஜருக்குத் தனி ஆயில் கிடையாது, எஞ்சின் ஆயிலேதான். 10டபிள்யூ-40, ஜாசோ எம்ஏ2 முத்திரை (பைக் ஆயிலுக்கான தரக்குறி) உள்ளது போதும். கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். எஞ்சினைச் சூடாக்கி அணைத்து, சில நிமிடம் விட்டு, வண்டியை நேராக நிறுத்தி எஞ்சினில் உள்ள ஆயில் கண்ணாடியில் அளவு பாருங்கள். டிராக் போய் வந்தால் கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் சீக்கிரமே மாற்றிவிடுங்கள். டர்போவுக்குச் செய்வதுபோல அணைக்கும் முன் ஐட்லில் விட்டுக் காத்திருக்கத் தேவையில்லை. எக்ஸாஸ்ட் சூடு இதன் பேரிங்கைத் தொடுவதே இல்லை.

பெட்ரோலில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. நாக்கிங்கை (பெட்ரோல் தானாகவே வெடிப்பதை) எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்வது ஆக்டேன் எண். மேலே சொன்ன சூட்டோடு குறைந்த ஆக்டேன் சேர்ந்தால் நாக்கிங் வரும், பிஸ்டன் தலை அடிவாங்கும். 95-க்குக் குறையாமல் போடுங்கள். டிராஃபிக்கில் காலில் அடிக்கும் சூட்டுக்கு சூப்பர்சார்ஜரைத் திட்டாதீர்கள், ஐட்லில் அது கிட்டத்தட்ட சும்மாதான் சுற்றுகிறது.

டிராக்கில் முதலில் களைப்பது பிரேக்கும் டயரும். 238 கிலோ எடை, அதோடு இந்த வேகம். போகும் முன் புதிய டாட் 4 பிரேக் ஆயில் மாற்றுங்கள், பேட் பாதிக்குக் கீழே தேய்ந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். சாலை டயரிலேயே ஓட்டுவதானால் குளிர்ந்த நிலையில் முன் 31, பின் 29 பிஎஸ்ஐ வாக்கில் தொடங்கி, சில லேப் கழித்துச் சூட்டோடு அளந்து டயர் கம்பெனி சொல்லும் அளவுக்குக் கொண்டுவாருங்கள். வீடு திரும்பும் முன் சாலை அளவுக்குக் காற்றடிக்க மறக்காதீர்கள்.

ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) மாற்றினால் எச்2ஆர் ஆகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 310 பிஎஸ் (குதிரைத்திறன்) தரும் அந்த எஞ்சினில் கேம்ஷாஃப்ட், ஹெட் கேஸ்கெட், எக்ஸாஸ்ட் எல்லாமே வேறு. மென்பொருளை மட்டும் மாற்றி பூஸ்ட்டில் கூடுதலாகப் பிழிந்தால், முதலில் போவது சூப்பர்சார்ஜர் அல்ல, பிஸ்டன்.