மிஷின் கெட்டுப்போகவில்லை, அம்மா

கேள்வி: வயது 44. திண்டுக்கல் பக்கம் கூட்டுக் குடும்பம். ஐந்து மாதம் முன்பு சர்க்கரை நோய் என்றார்கள். மூன்று மாத சர்க்கரைச் சராசரி (HbA1c) அப்போது 9.2. காலை 7 மணிக்குக் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை போடுகிறேன். யூடியூபில் பார்த்து, இரவு 8 மணிக்குப் பிறகு மறுநாள் மதியம் 12 வரை சாப்பிடுவதில்லை. தினமும் நடக்கிறேன். 7 கிலோ குறைந்தேன், சராசரி 7.1 ஆகிவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் நான் கேலிப்பொருள். 'யாருக்குக் காட்ட இந்த மெலிவு?' என்கிறார் கணவர். மாமியார் வேண்டாம் என்றாலும் சோற்றை அள்ளி வைக்கிறார். பதினோரு மணி வாக்கில் கை நடுங்கி, வியர்த்துப் படபடக்கிறது. ஒருநாள் சர்க்கரை பார்க்கும் மிஷினில் 61 காட்டியது. மிஷின் கெட்டுவிட்டது என்றார் கணவர். பட்டினி கிடந்தால் நடுங்காமல் என்ன செய்யும் என்றார் மாமியார். முடி கொட்டுகிறது, முழங்கால் வலிக்கிறது, மாத்திரையால் கிட்னி போகும் என்கிறார்கள். என் அம்மாவுக்குச் சர்க்கரையால் காலையே எடுத்தார்கள். மனசு விட்டுப்போச்சு. எல்லாவற்றையும் நிறுத்திவிடலாமா?

பதில்: மிஷின் கெட்டுப்போகவில்லை. நடுக்கம், வியர்வை, படபடப்பு மூன்றும் சேர்ந்து வந்த நேரத்தில் 61 காட்டினால் அது சரியாகத்தான் காட்டியிருக்கிறது. ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினாலே தாழ்சர்க்கரை. 54-க்கும் கீழே போனால் மூளைக்குத் தீனி போதாது. பேச்சு குழறும், நடை தள்ளாடும், அடுப்படியிலோ ஸ்கூட்டியிலோ ஆள் விழலாம். உங்கள் கடிதத்தில் நான் பயப்படுகிற வரி இது ஒன்றுதான்.

கிளிமிபிரைடு கணையத்தை விரட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிற மருந்து. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது பார்க்காது. ஏழு மணிக்கு அதை விழுங்கிவிட்டுப் பன்னிரண்டு மணி வரை வெறும் வயிறாக இருந்தால், பதினோரு மணிக்குக் கை நடுங்கத்தான் செய்யும். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் பெரும்பாலும் இந்த வம்பு வராது. பதினாறு மணி நேர விரதம் சொல்லிக்கொடுத்த வீடியோக்காரர், நீங்கள் என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று கேட்டாரா? கேட்டிருக்க முடியாது. அவர் லட்சம் பேரிடம் ஒரே மூச்சில் பேசுகிறார். விரதமே தப்பு என்று நான் சொல்லவில்லை. இந்த மாத்திரையோடு, மருத்துவரிடம் சொல்லாமல் இருக்கிற விரதம் தப்பு.

நாளைக் காலையில் இருந்தே விரதம் வேண்டாம். மாத்திரை போட்டால் அதோடு இட்லியோ உப்புமாவோ சாப்பிட்டே ஆக வேண்டும். இரண்டு மூன்று நாளுக்குள் உங்கள் மருத்துவரைப் பார்த்து, அந்த 61-ஐயும் நடுக்கம் வந்த நேரங்களையும் சொல்லுங்கள். நீங்களாக மாத்திரையைப் பாதியாக உடைக்காதீர்கள், அடியோடு நிறுத்தவும் செய்யாதீர்கள். அதுவரை ஸ்கூட்டியை எடுக்கும் முன் ஒரு தடவை விரலைக் குத்திச் சர்க்கரை பாருங்கள்.

மறுபடி நடுக்கம் வந்தால் அரை டம்ளர் தண்ணீரில் மூன்று டீஸ்பூன் சர்க்கரை கலந்து உடனே குடியுங்கள். பிஸ்கட், சாக்லேட், பால் எல்லாம் இந்த நேரத்துக்கு மெதுவாகத்தான் வேலை செய்யும். பதினைந்து நிமிடம் கழித்துச் சோதியுங்கள்; இன்னும் 70-க்குக் கீழே என்றால் மறுபடி அதே அளவு. ஏறியதும் சாப்பாடு. இந்த மருந்து மணிக்கணக்கில் உடம்பில் நிற்கும் என்பதால் சர்க்கரை திரும்பவும் இறங்கலாம். அன்று முழுக்கக் கவனம் தேவை. மாத்திரை அட்டையில் வாக்ளிபோஸ் என்ற பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சர்க்கரைத் தண்ணீர் உடனே வேலை செய்யாது, குளுக்கோஸ் பொடிதான் வேண்டும்.

சரி, மாமியார் சொன்னதற்கு வருவோம். அவர் சொன்னது பாதி சரி, கோபிக்காதீர்கள். மீதிப் பாதியை உங்கள் வீட்டில் யாரும் பார்க்கவில்லை, நீங்களும் பார்க்கவில்லை. 9.2 இருந்த உடம்புக்கு எழுதிக் கொடுத்த டோஸ் அது. ஏழு கிலோ இறங்கிய உடம்புக்கு, தினமும் நடக்கிற உடம்புக்கு, அந்த டோஸ் இப்போது தொளதொள என்று தொங்குகிற பழைய ரவிக்கை மாதிரி பெரிதாகிப் போயிருக்கலாம். மருந்தைக் குறைக்க வேண்டிய கட்டத்துக்கு நீங்கள் வந்துவிட்டீர்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. 9.2 ஐந்து மாதத்தில் 7.1 ஆவதை நான் தினமும் பார்ப்பதில்லை. இதை நிறுத்திவிடலாமா என்றா கேட்கிறீர்கள்?

முழுக் கடிதமும் அம்மாவின் காலைச் சுற்றித்தான் வருகிறது, அது எனக்குப் புரிகிறது. கால் ஒரே நாளில் போவதில்லை. பல வருடம் சர்க்கரை கட்டுக்கடங்காமல் ஓடி, பாதம் மரத்து, ரத்த ஓட்டம் குறைந்து, முள் குத்தியது தெரியாமல் நடந்து, புண் வாடை அடித்த பிறகு ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். நீங்கள் இருப்பது அந்தப் பாதையின் முதல் வாசலில், அதுவும் வெளியே திரும்பி நின்றுகொண்டு. ராத்திரி படுக்கும் முன் உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் ஒரு பார்வை, வெளியே போனால் செருப்பு, வருடத்துக்கு ஒருமுறை பாதப் பரிசோதனை. இப்போதைக்கு இது போதும்.

மற்றவை: ஏழு கிலோ வேகமாகக் குறைந்தால் இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டும், அப்புறம் தானாக வளரும், ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்க்கவில்லை என்றால் பார்த்துவிடுங்கள், எண்ணெய் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். முழங்காலில் வீக்கம் இல்லை என்றால் நடையை நிறுத்த வேண்டாம். மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுக்காது. கிட்னி ஏற்கெனவே கெட்டவர்களுக்கு நாங்கள் அதைக் குறைப்போம் அல்லது நிறுத்துவோம். அதைப் பார்த்து யாரோ தலைகீழாகக் கதை கட்டி, அது எல்லார் போனிலும் சுற்றுகிறது. கிட்னியைக் கெடுப்பது வருடக்கணக்கில் ஏறிக் கிடக்கும் சர்க்கரையும் பிரஷரும்தான்.

இனி வீடு. எல்லோருடைய மனசும் மாறி, எல்லோரும் கை தட்ட வேண்டும் என்று காத்திருந்தால் உங்களுக்கு அறுபது வயது ஆகிவிடும். ஒரே ஒரு ஆளைப் பிடியுங்கள். பாராட்ட அல்ல, நடுங்கும்போது சர்க்கரைத் தண்ணீர் கலந்து தர. கடிதத்தில் பிள்ளைகளைப் பற்றி எழுதவில்லை. மகனோ மகளோ ஓரகத்தியோ யாராவது ஒருவர். அவரிடம் இதையும் சொல்லி வையுங்கள்: நான் மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதே, ஒருக்களித்துப் படுக்க வை, 108-ஐக் கூப்பிடு.

பல வருடம் முன்பு ஒரு மளிகைக் கடைக்காரர் என்னிடம் வந்தார். கூட வந்த மனைவி, அவர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் சிரித்தார். 'சுண்டல் தின்னு சுகர் குறையுமாம் டாக்டர்!' நான் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. குளுக்கோமீட்டரை அந்த அம்மாவின் கையில் கொடுத்து, 'நீங்களே குத்திப் பாருங்கள்' என்றேன். கணவர் விரலைப் பிடித்தபோது அந்த அம்மாவின் கைதான் நடுங்கியது. அடுத்த மாதம் ஒரு பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கம் கோடு போட்டு எண்களை எழுதிக்கொண்டு வந்தார். அப்போதும் சிரித்தார்தான், ஆனால் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்துச் சோதிக்க அவர் ஒருநாளும் மறந்ததில்லை. உங்கள் கணவரிடமும் மிஷினைக் கொடுத்துப் பாருங்கள். அப்படியே அவர் விரலையும் குத்திப் பாருங்கள். உங்கள் வயது ஆண்கள், அதுவும் தொப்பை இருந்தால், எனக்கு எதுவும் இல்லை என்று சொல்லிக்கொண்டே 180-இல் உலாவுகிறார்கள். 2023-இல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வின் கணக்கில் நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கும் மேல்.

மாமியார் விஷயம் வேறு. சோறு போடுவது அவருக்கு அதிகாரமும்கூட, பிரியமும்கூட. 'வேண்டாம் அத்தை' என்று தட்டை மறைத்தால் அது அவர் கையைத் தட்டிவிட்ட மாதிரி. 'அத்தை, உங்க கைப்பக்குவத்துல அவரைக்காய் பொரியல் இன்னும் ரெண்டு கரண்டி வைங்க' என்று கேளுங்கள். பொரியலையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டு, சோற்றைக் கடைசிக்கு வைத்தால் அதே சோறு சர்க்கரையைக் கொஞ்சம் மெதுவாக ஏற்றும். அதற்குள் வயிறும் நிறைந்துவிடும். சோற்றுக்குப் பதில் கேழ்வரகுக் களி என்று யாராவது ஆசை காட்டினால், அதுவும் மாவுச்சத்துதான் என்பது ஞாபகம் இருக்கட்டும். கருப்பட்டிக்கும் அதே கதைதான்.

தெருவில் நடந்தால் கேலி செய்கிறார்கள் என்றால், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மொட்டை மாடியில் பத்துப் பதினைந்து நிமிடம் நடங்கள். சாப்பிட்ட பின் நடக்கும் நடைக்குச் சர்க்கரை நன்றாகப் பணியும். யாரிடமும் அறிவிக்க வேண்டாம். அறிவித்த சபதத்தைத்தான் கேலி செய்வார்கள். இரண்டு நாள் விட்டுப்போனால் மூன்றாம் நாள் ஏறுங்கள், கணக்குச் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள்.

ஒன்று மட்டும். கேலி வேறு, மாத்திரைக்குக் காசு தர மறுப்பதும் கை நீட்டுவதும் வேறு. காசுதான் பிரச்சினை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசம். 2021-இல் இருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே கொண்டு வந்தும் தருகிறார்கள். கை நீட்டினால் பெண்கள் உதவி எண் 181-ஐக் கூப்பிடுங்கள்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டு போங்கள். 'அந்த வெள்ளை மாத்திரை, நடுவுல கோடு போட்டிருக்குமே' என்று சொன்னால் எங்களுக்கு ஒன்றும் புரியாது. பாதி மாத்திரைகள் அப்படித்தான் இருக்கின்றன.