சக்கரத்தைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்

வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: அண்ணே, ஊர் கொத்தமங்கலம், வேலை சென்னையில். 2012 மாடல் ஆடி டிடி ஒன்றை செகண்ட் ஹேண்டில் எடுத்திருக்கிறேன். "ரெண்டு பேர் உட்கார இம்புட்டுக் காசா"ன்னு அப்பச்சி கேக்கிறாக, அது தனிக் கதை. இப்போது கிடப்பது கம்பெனி வீல்: 18 இஞ்ச், 245/40 டயர், வீலின் முதுகில் 9ஜே, இடி 52 என்று போட்டிருக்கிறது. ஒரு கடையில் 20 இஞ்ச் கறுப்பு கான்கேவ் (நடு உள்வாங்கிய) வீல் காட்டினார்கள்: 9ஜே, இடி 30. "பிசிடி 5x112, உங்க வண்டிக்கு அப்படியே உட்காரும்" என்கிறார்கள். நாலும் சேர்த்து பில் இல்லாமல் 78,000 ரூபாய், பில்லோடு 92,040. மாதம் இரண்டு தடவை ஊருக்கு வருவேன். வாங்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. காரணம் கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

"உட்காரும்" என்று கடைக்காரர் சொன்னது பொய் இல்லை. பிசிடி 5x112 என்றால் ஐந்து போல்ட் ஓட்டையும் 112 மில்லிமீட்டர் வட்டத்தில் இருக்கின்றன, வண்டியில் வீலை மாட்டும் நடுப்பகுதியான ஹப்பிலும் அதே கணக்குதான். அதற்கு மேல் அந்தச் சொல்லில் ஒன்றும் கிடையாது. காரைக்குடியில் பழைய சாமான் விற்கும் தெருவில் எனாமல் தட்டு வாங்குகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். விவரம் தெரிந்தவர் பூவையும் கொடியையும் பார்த்துவிட்டு விலை கேட்க மாட்டார். தட்டைத் திருப்புவார், முதுகில் எந்த நாட்டு முத்திரை என்று தேடுவார், விளிம்பில் எனாமல் தெறித்திருக்கிறதா என்று விரலை ஓட்டுவார். அலாய் வீலையும் அப்படித்தான் வாங்க வேண்டும். கான்கேவ், கறுப்பு, பளபளப்பு எல்லாம் முன்பக்கம். உங்களுக்கு வேண்டிய சேதி பின்பக்கம்.

முதலில் நடு ஓட்டை. உங்கள் ஆடியின் ஹப் 57.1 மில்லிமீட்டர். 5x112-இல் வெளியில் விற்கும் வீல்கள் பலவற்றுக்கு நடு ஓட்டை 66.6. அப்படியானால் சுற்றிலும் 4.75 மில்லிமீட்டர் இடைவெளி. வீலைச் சரியாக நடுவில் நிறுத்த ஹப் இருக்கிறது, ஆனால் அதை வீல் தொடவே இல்லை. அந்த இடைவெளியை அடைக்கத்தான் ஹப் ரிங் என்று ஒரு வளையம். இருநூறு முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற இந்த வளையத்தை மறந்துவிட்டு நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

பல வருடங்களுக்கு முன் என் வண்டிக்குப் புது அலாய் போட்டேன். ஊருக்குள் ஓட்டும்போது வெண்ணெய் மாதிரி இருந்தது. புதுக்கோட்டையிலிருந்து திரும்புகிறேன், திருமயம் கோட்டை தெரிகிற இடத்தில் 90-ஐத் தாண்டியதும் ஸ்டீயரிங் உதற ஆரம்பித்தது. 80-க்கு இறக்கினால் நின்றுவிடுகிறது. வீல் விற்ற கடையில் பேலன்ஸிங் செய்தார்கள், மிஷினில் சைபர் காட்டியது. மறுபடி உதறல். இன்னொரு கடை, மறுபடி சைபர், மறுபடி உதறல். மூன்றாவது தடவை, காரைக்குடியில் ஒரு சின்ன டயர் கடைப் பையன் வீலைக் கழற்றி, ஹப்பின் மேல் சும்மா மாட்டி, கையால் மேலும் கீழும் ஆட்டிக் காட்டினான். டக் டக் என்று ஆடியது. "ரிங் எங்கண்ணே?" என்றான். பேலன்ஸிங் மிஷின் ரிம்மை நடு ஓட்டையில் கூம்பு வைத்துப் பிடிக்கிறது, அதனால் அங்கே எல்லாம் சரியாகத் தெரியும். வண்டியில் அதே ரிம்மைப் பிடிப்பது ஐந்து போல்ட் மட்டும், அது நடுவில் இருக்கிறதா என்று பார்க்க ஆளில்லை. வளையம் போட்ட அன்றே உதறல் போனது. பிரேக் சூடு ஏறும் இடம் என்பதால் பிளாஸ்டிக் வளையம் வேண்டாம், அலுமினிய வளையமாகக் கேளுங்கள். 66.6-க்கு 57.1 என்று சொன்னாலே எடுத்துக் கொடுப்பார்கள்.

அடுத்தது போல்ட். பலர் தவறவிடுவது இதை. ஆடியின் கம்பெனி போல்ட் எம்14x1.5, தலைக்குக் கீழே உருண்டை வடிவம். வெளி வீல்களில் போல்ட் உட்காரும் குழி பெரும்பாலும் 60 டிகிரி கூம்பு. கூம்புக் குழியில் உருண்டை போல்ட்டை முறுக்கினால் டைட்டாகத்தான் தெரியும். ஆனால் இரண்டும் ஒட்டுவது ஒரு மெல்லிய கோட்டில் மட்டும். ஓட ஓடத் தளரும். நம்பிக்கை இல்லையென்றால் போல்ட்டின் அந்தப் பகுதியில் சாக்பீஸைத் தேய்த்து ஒரு தடவை மாட்டிக் கழற்றுங்கள். அழிந்த இடம் அகலப் பட்டையாக இருந்தால் பொருத்தம், நூல் மாதிரி ஒரு வளையம் மட்டும் அழிந்திருந்தால் பொருத்தமில்லை. கூம்பு போல்ட் இருபது தனியாக வாங்க வேண்டும், நீளமும் பார்த்து வாங்க வேண்டும். முறுக்கும் அளவு 120 நியூட்டன் மீட்டர், டார்க் ரெஞ்ச் வைத்து. குழாயைச் சொருகி ஏறி மிதிக்கிற ஆளிடம் இந்த வண்டியைக் கொடுக்காதீர்கள். சென்னையில் மாட்டினால் திண்டிவனம் போவதற்குள் ஒரு தடவை நிறுத்தி மறுபடி முறுக்கிப் பாருங்கள்.

இடி என்கிற ஆஃப்செட்டுக்கு வருவோம். வீல் அகலத்தின் நடுக்கோட்டுக்கும் ஹப்பில் ஒட்டும் முகத்துக்கும் உள்ள தூரம் அது, எண் குறையக் குறைய வீல் வெளியே வரும். உங்கள் பழைய வீலும் புது வீலும் 9ஜே, அதாவது 9 இஞ்ச், அகலம் ஒன்றுதான். அதனால் கணக்கு சுலபம்: 52-இல் 30 போனால் 22. புது வீல் ஒவ்வொன்றும் 22 மில்லிமீட்டர் வெளியே தள்ளி நிற்கும். படத்தில் பார்க்கக் கம்பீரமாகத்தான் இருக்கும். பள்ளத்தில் இறங்கும்போது டயர் மட்கார்டின் விளிம்பை உரசும், வீல் பேரிங்கில் நெம்புகோல் மாதிரி பாரம் ஏறும், ஸ்டீயரிங் ரோட்டு மேடு பள்ளத்துக்கெல்லாம் இழுக்கும். மழைக்காலத்தில் நம் ஊர்ச் செம்மண் சகதி கதவு முழுக்க அடிக்கும், அதைக் கழுவ அப்பச்சியிடம் வாளி கேட்டு நிற்கும்போது அவர்கள் என்ன சொல்வார்கள் என்று எனக்கே தெரிகிறது.

இதையெல்லாம் விடப் பெரியது 20 இஞ்ச். 245/40 ஆர்18 டயரின் பக்கச்சுவர், 245 மில்லிமீட்டர் அகலத்தில் 40 சதவீதம், 98 மில்லிமீட்டர். 20 இஞ்சில் வெளி வட்டம் மாறாமல் இருக்க வேண்டுமென்றால் 245/30 போட வேண்டும், அதில் பக்கச்சுவர் 73.5. கம்பெனி கொடுத்ததில் கால் பங்கு காணாமல் போகிறது. ரோட்டின் அடியை வாங்குவது அந்த ரப்பரும் உள்ளே இருக்கும் காற்றும்தான். காரைக்குடி பைபாஸில் இதெல்லாம் தெரியாது. பைபாஸை விட்டு இறங்கி உங்கள் ஊருக்குத் திரும்பும் பாதையை நினைத்துப் பாருங்கள்: கோடு போடாத வேகத்தடை, தார் உடைந்து செம்புறாங்கல் பல் மாதிரி நிற்கும் ஓரம், மழை பெய்தால் ஊரணி எது ரோடு எது என்று தெரியாத இடம். 245/30 டயர் அங்கே ஒரு விளிம்பில் அடிபட்டால் டயரில் பல்ஜ் என்கிற புடைப்பு, ரிம்மில் பெண்ட், இரண்டும் ஒரே நேரத்தில். எடை தாங்கும் எண்ணையும் பாருங்கள். 245/40 ஆர்18-இல் 97 என்று இருந்தால் டயருக்கு 730 கிலோ, 245/30 ஆர்20-இல் 90 என்று இருந்தால் 600 கிலோ.

சரி, எதை வாங்கலாம்? என் வண்டியாக இருந்தால் 18-ஐ விட மாட்டேன், எடை குறைந்த 18-ஆகத் தேடுவேன். ஸ்போர்ட்ஸ் கார் துள்ளலாக ஓடுவதற்கு ரிம்மின் எடை ஒரு காரணம். ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை குறைந்தால் டயர் ரோட்டை விடாமல் பிடிக்கும். கடையில் மளிகைத் தராசு இருந்தால் இரண்டு மாடலையும் தூக்கி வைத்துப் பாருங்கள், சிரித்தால் சிரிக்கட்டும். பெரிய வீல்தான் வேண்டும் என்று மனசு கேட்டால் 19 வரை போங்கள்: 8.5ஜே, இடி 45, டயர் 245/35 ஆர்19. அதன் வெளி முகம் கம்பெனி வீல் நிற்கும் இடத்திலிருந்து ஒரு மில்லிமீட்டர்கூட வெளியே வராது. டயரின் வெளி விட்டமும் 653 மில்லிமீட்டருக்கு 654, ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. உங்களுடையது நாலு சக்கர இழுவை உள்ள குவாட்ரோ என்றால் நாலு டயரும் ஒரே அளவு, ஒரே தேய்மானம். முன்னால் புதுசு, பின்னால் பழசு என்று கலந்து ஓட்டாதீர்கள்.

பில் விஷயம். 78,000-க்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்துதான் 92,040, கணக்கு சரி. 14,040 ரூபாய் மிச்சம் என்று பில் இல்லாமல் வாங்கினால், வீலில் விரிசல் விட்ட அன்றைக்கு அதை அந்தக் கடையில் வாங்கியதற்கே உங்களிடம் சாட்சி இருக்காது. பில்லில் மாடல், அளவு, இடி எல்லாம் எழுதி வாங்குங்கள்.

கேள்வி: ஜெர்மன் கம்பெனி டிசைனைக் காப்பியடித்த "ரெப்ளிகா" வீல் பாதி விலையில் கிடைக்கிறது. காஸ்ட், ஃப்ளோ ஃபார்ம்டு, ஃபோர்ஜ்டு என்று மூன்று விதம் சொல்கிறார்கள். எப்படிப் பிரித்துப் பார்ப்பது? (தேவகோட்டை வாசகர்)

பதில்: காஸ்ட் என்றால் உருக்கி அச்சில் ஊற்றுவது. ஃப்ளோ ஃபார்ம்டு என்றால் அப்படி ஊற்றிய பிறகு, டயர் உட்காரும் பீப்பாய்ப் பகுதியை மட்டும் சூட்டோடு சுழற்றி உருளையால் அழுத்தி நீட்டுவது, அந்த இடம் மெல்லிசாகவும் உறுதியாகவும் வரும். ஃபோர்ஜ்டு, திட அலுமினியக் கட்டியைப் பெரிய அழுத்தத்தில் நசுக்கிக் கடைவது. அதுதான் உறுதி, அதுதான் விலை. வெறும் கண்ணால் இவற்றைப் பிரிப்பது கஷ்டம், எடை ஓரளவு காட்டிக்கொடுக்கும். அதனால் மறுபடி முதுகுதான்: ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா (அலாய் வீலுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 16192), ஜப்பான் தரத்தைக் குறிக்கும் ஜே.டபிள்யூ.எல். எழுத்து இருக்கிறதா, அதிகபட்ச எடை எத்தனை கிலோ என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். வண்டியின் முன் அச்சுக்கு அனுமதித்த எடையை இரண்டால் வகுத்தால் வருவதைவிட அந்த எண் தாராளமாகக் கூடுதலாக இருக்க வேண்டும். எழுத்து வார்ப்போடு வந்ததா, ஸ்டிக்கரா என்று நகத்தால் சுரண்டிப் பாருங்கள். எடையே போடாத ரெப்ளிகாவை இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். டிசைன் காப்பி என்பதில் எனக்கு வருத்தமில்லை, நம் ஊர் முகப்புத் தூணில்கூட இத்தாலியும் பர்மாவும் கலந்துதான் நிற்கின்றன. பலத்தைக் காப்பியடிக்காமல் விட்டார்கள் என்பதுதான் பயம்.

கேள்வி: தம்பி, மகன் வாங்கிவந்த சக்கரம் வண்டிக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது. "இன்ஷூரன்ஸ் இருக்கு ஆத்தா, விடுங்க" என்கிறான். போலீஸ் பிடிப்பாகளா, இன்ஷூரன்ஸ் கொடுப்பாகளா? (பள்ளத்தூர் ஆச்சி ஒருவர்)

பதில்: ஆச்சி, இரண்டுமே மகன் நினைக்கிற மாதிரி இல்லை. ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்த அசல் விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது. துருத்தி நிற்கும் டயர், வழியில் நிறுத்திக் கேட்க ஒரு காரணத்தைக் கையில் கொடுத்ததுபோல. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு வீல் மாற்றியதைப் பில்லோடு எழுத்தில் தெரிவித்து பாலிசியில் சேர்க்கச் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் புது வீலுக்குப் பணம் வராது, மற்றச் சேதத்துக்கும் வம்பு பண்ண இடம் கிடைக்கும். பழைய கம்பெனி வீலை மகன் விற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வளவில் ஒரு மூலையில் நாலு சக்கரத்துக்கு இடமில்லாமலா போய்விடும்?

கேள்வி: அலாய் வீல் வாங்கி 20 நாளில் ஒரு ரிம்மின் உட்பக்கம் விரிசல், காற்று நிற்கவில்லை. பள்ளத்தில் விழவில்லை, டயரில் அடையாளமும் இல்லை. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று பில்லிலேயே அச்சடித்திருக்கிறார்கள். அலுமினியம் வெல்டிங் போட்டுத் தருகிறேன் என்கிறார் கடைக்காரர். போட்டுக்கொள்ளவா? (காரைக்குடி, செக்காலை வாசகர்)

பதில்: அந்த வரி குறையுள்ள பொருளுக்குச் செல்லாது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. உங்களுக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. இன்றைக்கே கடைக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம், அதையே வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் 1915-க்கு அழைத்துத் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதியுங்கள். அதற்கும் மசியவில்லையென்றால் சிவகங்கையில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை சென்னையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தில் வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருடம் வரை நேரமும் உண்டு. வார்ப்பிலேயே குறையா, அடிபட்டு விரிந்ததா என்று தெரிய ரிம்மை ஆய்வகத்துக்கு அனுப்பவும் ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது.

அதனால் வெல்டிங் வேண்டவே வேண்டாம். சூட்டில் அந்த இடத்தின் பலமும் போய்விடும், உங்கள் சாட்சியும் உருகிவிடும். டயரைக் கழற்றும்போது விரிசலைப் பக்கத்தில் பில்லை வைத்துப் படம் எடுங்கள், முதுகில் உள்ள எழுத்து எல்லாம் தெரிய இன்னொரு படம். ரிம்மைச் சாக்கில் கட்டி உள்ளே வையுங்கள். ஸ்டெப்னியில் 80-க்கு மேல் போகாதீர்கள்.