ஒரு வாரம் பிசிக்ஸ், ஒரு வாரம் தமிழ், ஒரு வாரம் மிருதங்கம்

வணக்கம் சார்,

கும்பகோணத்திலிருந்து நீங்கள் எழுதிய கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் முதல் குரூப்பில் பிளஸ் டூ முடித்துவிட்டாள், மதிப்பெண்ணுக்கும் குறைவில்லை. பொறியியல் கவுன்சலிங்குக்குப் பதிவு செய்யச் சொன்னால் "நான் ஆராய்ச்சி பண்ணப் போறேன்" என்கிறாள். சரி, எதில் என்று கேட்டால் ஒரு வாரம் பிசிக்ஸ், ஒரு வாரம் தமிழ், ஒரு வாரம் மிருதங்கம். "ஒரு நிலையில நிக்க மாட்டேங்கிறா, இவளை நம்பி எப்படி சார் பணத்தைப் போடறது" என்று கேட்டிருந்தீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை அவளோடு ஃபோனில் முக்கால் மணி நேரம் பேசிவிட்டேன். அதனால் இப்போது கொஞ்சம் தைரியமாகப் பதில் எழுதுகிறேன்.

என்ன படிக்கப் போகிறாய் என்று நான் கேட்கவில்லை. எது தெரியாமல் உனக்கு மண்டை குடைகிறது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேச்சே இல்லை. அப்புறம் சொன்னாள்: "மிருதங்கத்துல தோம்னு ஒரு சொல்லு இருக்கு சார். வாயாலயும் தோம்னு சொல்றோம், வாசிச்சாலும் தோம்னுதான் கேக்குது. நிஜமாவே ரெண்டும் ஒத்துப்போகுதா, இல்ல சின்ன வயசுலேர்ந்து பழகினதால அப்படிக் கேக்குதா?"

மூன்று வாரமாக அவள் சுற்றிக்கொண்டிருப்பது இந்த ஒரே கேள்வியைத்தான். தோல் எப்படி அதிர்கிறது என்பது இயற்பியல். ஓசைக்கும் சொல்லுக்கும் என்ன உறவு என்பது மொழியியல். தா, தி, தோம், நம் என்று வாத்தியார் சொல்லிக்கொடுத்தது கலை. பள்ளிக்கூடத்து மணி அடிக்கும்போது பாடம் மாறுகிற மாதிரி கேள்விகள் மாறுவதில்லை. அவளுக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை, உங்களுக்கு அது அலைபாய்தலாகத் தெரிந்திருக்கிறது.

இப்படியெல்லாம் கேட்டு யாராவது பிழைத்திருக்கிறார்களா என்பது உங்கள் அடுத்த கேள்வியாக இருக்கும். சர் சி.வி. ராமனை எடுத்துக்கொள்ளுங்கள். நோபல் பரிசு என்றதும் ஒளிச்சிதறல்தான் நினைவுக்கு வரும். அவர் மிருதங்கத்தையும் தபலாவையும் பற்றி 1920இல் ஒரு ஆய்வுக் குறிப்பும், 1934இல் விரிவான கட்டுரையும் எழுதியிருக்கிறார். வெறும் தோலை வட்டமாக இழுத்துக் கட்டித் தட்டினால் எழுகிற மேல்சுரங்கள் ஒன்றோடொன்று சேராது. முதல் அதிர்வை 1 என்று வைத்தால் அடுத்தது 1.59, அதற்கடுத்தது 2.14 என்று கோணல்மாணலாகப் போகும். அதனால்தான் சாதாரணப் பறைக்குச் சுருதி சொல்ல முடிவதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவே கருப்பாக அப்பியிருக்கிறார்களே, கல்பொடியும் சோறும் பிசைந்து பூசுகிற அந்த வட்டம், அதன் எடைதான் இந்தக் கோணலை நிமிர்த்தி 1, 2, 3, 4, 5 என்று வீணைத் தந்தி மாதிரி வரிசைக்குக் கொண்டுவருகிறது. ராமன் தோலின்மேல் நைசான மணலைத் தூவி, தட்டும்போது அது எந்தக் கோட்டில் போய் ஒதுங்குகிறது என்று பார்த்துத்தான் இதைக் காட்டினார். தலைமுறை தலைமுறையாகத் தோல் மூட்டிவந்தவர்கள் காதை மட்டும் நம்பிக் கண்டுபிடித்து வைத்திருந்த விஷயம் அது. ஆராய்ச்சிக் கட்டுரையில் அவர்கள் பெயர் வராது என்பது வேறு கதை.

நீங்கள் அரசு ஊழியர் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். அதே ராமன் 1907இல் கல்கத்தாவில் கணக்குத் துறை அதிகாரியாக வேலைக்குச் சேர்ந்தவர். பத்து வருடம் ஆபீஸ் வேலையையும் பார்த்துக்கொண்டு, அலுவல் நேரம் போக பவ்பஜாரில் இருந்த அறிவியல் சங்கத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தார். 1917இல்தான் உத்தியோகத்தை விட்டுப் பேராசிரியரானார். உங்கள் பெண்ணும் அப்படிச் செய்யட்டும் என்று சொல்ல வரவில்லை. அந்தக் காலத்தில் அவருக்கு வேறு வழி இருக்கவில்லை, இப்போது இருக்கிறது.

அவள் கேட்ட கேள்விக்கே வருகிறேன். அனிருத் பட்டேல், ஜான் ஐவர்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2003இல் தபலாவின் சொற்கட்டுகளை இப்படித்தான் சோதித்தார்கள். வாயால் சொல்லும் ஓசையையும் தபலாவில் எழும் ஓசையையும் அளந்து ஒப்பிட்டார்கள். தபலாவோடு பழக்கமே இல்லாதவர்களிடம் இரண்டையும் போட்டுக் காட்டி, எது எதோடு சேரும் என்றும் கேட்டார்கள். குருட்டாம்போக்கில் சொன்னால் வருவதைவிட நன்றாகவே பொருத்தினார்கள். அதாவது, பழக்கம் மட்டும் காரணம் இல்லை. நம் ஊர் பக்கம் 2013இல் சென்னை ஐ.ஐ.டி.யிலிருந்து ஹேமா மூர்த்தி குழுவினரின் கட்டுரை ஒன்று வந்தது. மிருதங்க வாசிப்பைக் கணினியே கேட்டு, எந்தச் சொல் விழுந்தது என்று எழுதிக்கொடுக்கும் முறை. அதன் ஆசிரியர்களில் ஒருவரான அக்ஷய் அனந்தபத்மநாபன் மேடையில் வாசிக்கிற மிருதங்கக் கலைஞர். இதைச் சொன்னபோது உங்கள் மகள் ஃபோனிலேயே கத்திவிட்டாள்.

இசை மட்டும்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். சிந்து எழுத்துகளின் தொகுப்பை 1977இல் வெளியிட்ட ஐராவதம் மகாதேவன் ஐ.ஏ.எஸ். அதிகாரி. அந்தத் தொகுப்பை வைத்துக்கொண்டு, அந்தக் குறிகள் மொழிக்குரிய ஒழுங்கில் வருகின்றனவா என்று கணக்குப் போட்டு 2009இல் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்களில் கணினித் துறைக்காரர் உண்டு, வானியலாளர் உண்டு, தரமணி கணித அறிவியல் நிறுவனத்து இயற்பியலாளர் ஒருவரும் உண்டு. அதை ஒப்புக்கொள்ளாதவர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள், அது தனி. ஒரு மொழிப் புதிருக்கு முன்னால் யார் யாரெல்லாம் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். உங்களுக்குப் பக்கத்திலேயே தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1981இல் தொடங்கும்போதே கலை, சுவடி, வளர்தமிழ், மொழி, அறிவியல் என்று ஐந்து புலங்களாகத்தான் அதைப் பிரித்தார்கள். ஓலைச்சுவடித் துறையும் சித்த மருத்துவத் துறையும் இசைத் துறையும் ஒரே வளாகத்தில். முக்கால்வாசிப் பேருக்கு அது தெரியாது, பஸ்ஸில் கடந்துபோவதோடு சரி. ஒருநாள் அவளைக் கூட்டிக்கொண்டு போய்ச் சுற்றிப் பாருங்கள், டிபன் கட்டிக்கொண்டு போனால் நல்லது.

இதுவரை சொன்னது இனிப்பு. இனி கசப்பு.

கேள்விக்கு வேலி கிடையாது, ஆனால் வேலைக்கான அறிவிப்புக்கு உண்டு. முதுகலை ஆசிரியர் வேலைக்கு இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடமாக இருக்க வேண்டும். பி.எஸ்சி. இயற்பியலும் எம்.ஏ. தமிழும் படித்தால் 'கிராஸ் மேஜர்' என்று ஒதுக்கிவிடுவார்கள். கல்லூரி உதவிப் பேராசிரியர் பணியில் முதுகலைப் பாடத்தின் பெயரைப் பார்ப்பார்கள். சில வருடத்துக்கு முன் என்னிடம் வந்த ஒரு பையன், இரண்டு மூன்று துறையை ஒட்டவைத்த அழகான பெயருள்ள ஒரு முதுகலைப் படிப்பை ஒரு பல்கலைக்கழகத்தில் முடித்திருந்தான். பிரமாதமான படிப்பு, நல்ல ஆசிரியர்கள். சான்றிதழ் சரிபார்ப்பில் "இது எந்தப் பாடத்துக்குச் சமம், ஈக்குவலன்ஸ் ஆர்டர் எங்கே" என்று கேட்டார்கள். அப்படி ஓர் ஆணையே வந்திருக்கவில்லை. ஒரு வருடம் அலைந்தான். அன்றிலிருந்து யார் புதுப் பெயருள்ள பட்டத்தைப் பற்றிக் கேட்டாலும், முதலில் ஈக்குவலன்ஸ் ஆணை எண்ணை வாங்கி வாருங்கள் என்றுதான் சொல்கிறேன். ஆராய்ச்சியில் எவ்வளவு கலந்தாலும் பரவாயில்லை, பட்டத்தின் பெயர் பழைய பெயராக இருக்கட்டும்.

ஆகவே உங்கள் மகளுக்கு என் யோசனை, இளங்கலைக்கு இயற்பியல். காரணம் இயற்பியல் உயர்ந்தது என்பதல்ல. கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதுதான். இயற்பியல் முடித்துவிட்டு எம்.ஏ. மொழியியலுக்குப் போகலாம், பெரும்பாலான இடங்களில் எந்தப் பட்டமும் போதும். பகுதி ஒன்றில் தமிழ் எடுத்திருந்தால் எம்.ஏ. தமிழுக்கும் பல பல்கலைக்கழகங்களில் விண்ணப்பிக்கலாம். தமிழ் முடித்துவிட்டு எம்.எஸ்சி. இயற்பியலுக்குப் பெரும்பாலான இடங்களில் போக முடியாது. நல்ல அரசுக் கல்லூரியோ அரசு உதவிபெறும் கல்லூரியோ கிடைத்தாலே போதும். அவளுக்குத் தெம்பிருந்தால் திருப்பதி, திருவனந்தபுரம் முதலிய ஏழு ஊர்களில் இருக்கிற ஐசர் என்கிற மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களின் நுழைவுத் தேர்வை எழுதலாம். உயிரியல், வேதியியல், கணிதம், இயற்பியல் என்று நான்கிலும் தலா 15 கேள்வி. கணக்கும் மொழியும் சேர்ந்தே வேண்டுமென்றால் ஹைதராபாத் ட்ரிபிள் ஐ.டி.யில் கணினி அறிவியலோடு கணினி மொழியியலையும் சேர்த்துப் படிக்கும் இரட்டைப் பட்டம் இருக்கிறது. கட்டணம் கொஞ்சம் கையைக் கடிக்கும், வங்கிக் கடன் வாங்கத் துணிந்தால் மட்டும் யோசியுங்கள்.

மிருதங்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டாம். பட்டமாக இல்லாவிட்டாலும் கையில் இருக்கட்டும். நாளைக்கு அவளை மற்ற இயற்பியல்காரர்களிடமிருந்து பிரித்துக் காட்டப்போவது அதுதான்.

ஒருவேளை நாளைக்கே அவள் "தமிழ்தான்" என்று உறுதியாக நின்றால்? தாராளமாக விடுங்கள். மதிப்பெண் குறைந்தவர்கள் போகிற இடம் என்று தமிழை நினைப்பது நம் ஊரின் பழைய வியாதி. ஜே.ஆர்.எஃப். என்கிற ஆராய்ச்சி உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000. வீட்டு வாடகைப்படி தனி. தமிழுக்கும் அதே தொகை, இயற்பியலுக்கும் அதே தொகை, மொழியியல், தொல்லியல், இசை, நாட்டுப்புற இலக்கியம் எல்லாவற்றுக்கும் அதே தொகைதான். பாவாணர் வழி வந்த ஒரு தமிழாசிரியரிடம் இதைச் சொன்னபோது, "அப்படியா தம்பி, யாரும் சொல்லவே இல்லையே" என்றார்.

ஆனால் அது எல்லோருக்கும் கிடைத்துவிடாது. அதற்கான நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வை எழுதுகிறவர்களில் 6 சதவீதம் பேர்தான் உதவிப் பேராசிரியர் தகுதியே பெறுகிறார்கள், ஜே.ஆர்.எஃப். அதிலும் குறைவு. கிடைக்காவிட்டால் மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் அல்லாதோருக்கான மாதம் 8,000 ரூபாய், அல்லது மாநில அரசின் உதவித்தொகைகள், அல்லது வழிகாட்டியின் புராஜெக்டில் ஒரு வேலை. காலக் கணக்கையும் பாருங்கள்: இளங்கலை மூன்று, முதுகலை இரண்டு, முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்று, விதிப்படி ஆறு வரை, நடைமுறையில் ஐந்தாவது ஆகும். இப்போது 17 வயது என்றால் கையில் முனைவர் பட்டம் வரும்போது 27. இதில் முதல் ஐந்து வருடம் முழுக்க உங்கள் செலவு. அந்த ஐந்துக்கு மட்டும் பணத்தை எடுத்து வையுங்கள். அதற்கப்புறமும் நீங்கள்தான் கொடுக்க வேண்டியிருந்தால், படிப்பில் எங்கேயோ தப்பு நடக்கிறது என்று அர்த்தம். கல்யாணப் பேச்சைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது என் துறை இல்லை சார், ஆனால் ஜே.ஆர்.எஃப். வயது வரம்பான 30இல் பெண்களுக்கு ஐந்து வருடத் தளர்வு உண்டு என்பதை மட்டும் வீட்டில் சொல்லி வையுங்கள்.

வழிகாட்டியைப் பற்றி இப்போதே பேசுவது சீக்கிரம்தான். ஆனாலும் ஒன்று. நாட்டில் ஏற்கப்பட்ட முனைவர் பட்ட ஆய்வேடுகளில் ஏராளமானவை 'ஷோத்கங்கா' என்ற தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு பேராசிரியரின் பெயரைப் போட்டு, அவரிடம் முடித்தவர்களின் ஆய்வேட்டைத் திறந்து முதல் அத்தியாயத்தைப் படித்தால் போதும். பக்கத்தை நிரப்பியிருக்கிறார்களா, வேலை செய்திருக்கிறார்களா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். பல்கலைக்கழக வாசலில் "தீசிஸ் செய்து தரப்படும்" என்று ஒட்டியிருக்கும் போஸ்டர்களுக்கும் இந்தத் தளத்தில் உள்ள சில ஆய்வேடுகளுக்கும் நெருங்கிய சொந்தம் உண்டு, அதையும் கண்டுபிடிப்பீர்கள்.

விண்ணப்பம் போடுவதற்கு முன் அவளுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். மொழியியல் மாணவர்கள் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிற 'பிராட்' என்றொரு மென்பொருள் இருக்கிறது, ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்துக்காரர்கள் எழுதியது, இலவசம். அவள் குரலில் தோம் என்பதை இருபது முறையும், மிருதங்கத்தில் தோம் இருபது முறையும் ஃபோனில் பதிவு செய்து, அதில் போட்டு இரண்டின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். ஃபேனை நிறுத்திவிட்டுப் பதிவு செய்ய வேண்டும். முதல் நாள் பதிவு கெட்டுப்போகும். இரண்டாம் நாள் மழை பெய்து தோல் இறங்கிவிடும். இருபதில் எட்டு ஒரு மாதிரியும் பன்னிரண்டு வேறு மாதிரியும் வரும், ஏன் என்று புரியாது. இரண்டு ஞாயிறு இப்படிப் போன பிறகும் மூன்றாவது ஞாயிறு அவளாகவே ஃபேனை நிறுத்தினால் எனக்குத் தகவல் சொல்லுங்கள், விண்ணப்பங்களை உட்கார்ந்து நிரப்பலாம். சலித்துப்போய் மூடி வைத்துவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது, பொறியியல் கவுன்சலிங்குக்குக் கடைசித் தேதி எப்போது என்று பார்த்து இப்போதே பதிவு செய்து வைத்துவிடுங்கள்.

அந்த இரண்டு வாரமும் தயவுசெய்து "என்ன ஆச்சு, கண்டுபிடிச்சியா" என்று கேட்காதீர்கள். ஃபேன் இல்லாமல் அரை மணி நேரம் பொறுத்துக்கொண்டால் போதும்.